நாற்பது விநாடி மௌனம்

இரண்டு நிமிடத்துக்கு எத்தனை விநாடி?

'120' என்று பளிச்சென்று சொன்னீர்களா? கணக்கில் புலிதான். ஆனால், நீங்கள் ஒரு நகர்மன்றக் கூட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை என்பதும் தெரிந்துவிட்டது. என் அனுபவத்தில் இரண்டு நிமிடம் என்றால் 40 விநாடி. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டால் 28.

ஏதோ குத்துமதிப்பாக அளக்கிறேன் என்று நினைக்காதீர்கள். கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் அளந்து பார்த்த ஆள் நான். எங்கள் ஊர் நகராட்சியில் மன்றப் பிரிவு கிளார்க். கூட்டத்துக்கு அஜெண்டா தயாரிப்பது, உறுப்பினர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவது, நடந்ததை மினிட் புத்தகத்தில் ஏற்றுவது, நடக்காததை ஏற்றாமல் இருப்பது... இதுதான் உத்தியோகம். கூடவே இன்னொரு வேலையும் என் தலையில்தான் விழும். இறந்தவர்களுக்கு இரங்கல் தீர்மானம் எழுதுவது.

கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். தமிழ்த்தாய் வாழ்த்து முடியும். சேர்மன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நான் எழுதிக் கொடுத்த தாளை வாசிப்பார். "அன்னாரது மறைவுக்கு இம்மன்றம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. அனைவரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி..."

நாற்காலிகள் கிறீச்சிடும். எல்லோரும் எழுந்திருப்பார்கள். தலைகள் குனியும். முதல் பத்து விநாடி நிஜமான மௌனம். அடுத்த பத்தில் ஒரு இருமல். அதற்கடுத்த பத்தில் மூன்றாவது வரிசை உறுப்பினர் ஓரக்கண்ணால் சேர்மனைப் பார்ப்பார். சேர்மன் ஓரக்கண்ணால் ஆணையரைப் பார்ப்பார். ஆணையர் மேஜை மேல் இருக்கும் ஃபைலைப் பார்ப்பார். "நன்றி, அமரலாம்!"

முடிந்தது. 40 விநாடி.

ஒரே ஒரு தடவை 1 நிமிடம் 50 விநாடி வரை போனது. இறந்தவர் அவ்வளவு பெரிய மனிதரா என்று கேட்காதீர்கள். சேர்மன் முந்தின ராத்திரி கல்யாண வீட்டில் கண் விழித்தவர். நின்றபடியே அசந்துவிட்டார்!

செல்போன் வந்த பிறகு இன்னொரு தொல்லை. எல்லோரும் தலைகுனிந்து நிற்கும்போது ஒரு உறுப்பினரின் சட்டைப் பையிலிருந்து அதிரடி குத்துப்பாட்டு கிளம்பியது. மனுஷர் பதறிப்போய் அமுக்கியதில் ஸ்பீக்கர் ஆனாகி, "என்னங்க, பால் கார்டை எங்க வெச்சீங்க?" என்று அவர் மனைவியின் குரல் மன்றம் முழுக்கக் கேட்டது. அதையும் சேர்த்து அன்றைய மௌனம் 34 விநாடி.

1996 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தல் நடந்து புது மன்றங்கள் வந்தன. மறு வருஷம் நான் வேலையில் சேர்ந்தேன். அப்போதிருந்த ஹெட் கிளார்க் முதல் நாளே எனக்குக் கொடுத்த சொத்து, நாலு வரி எழுதிய ஒரு பழுப்புத் தாள். இரங்கல் தீர்மான மாதிரி. "பேரை மட்டும் மாத்துப்பா. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். செத்தவங்க யாரும் வந்து படிச்சுப் பார்க்கப் போறதில்லை" என்றார்.

அப்படி மாற்றியதில் ஒரு முறை, முன்னாள் உறுப்பினர் ஒருவரை 'அம்மையார்' ஆக்கிவிட்டேன். முந்தின மாதம் இறந்தது ஒரு பெண்மணி; அவருடைய தாளைத்தான் காப்பி அடித்திருந்தேன். சேர்மன் அதை அப்படியே கணீரென்று வாசித்தார். மன்றமும் அப்படியே எழுந்து நின்று அஞ்சலி செலுத்தியது. ஒருவரும் கவனிக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் சிரிப்பாகவும், பிறகு ஒரு மாதிரியாகவும் இருந்தது.

யார் பெயர் பட்டியலில் வரும்? பெரிய தலைவர்கள் மறைந்தால் நிச்சயம். அன்றைக்கு மற்ற பொருள்களை ஒத்திவைத்துவிட்டுக் கூட்டத்தையே முடித்துவிடுவார்கள். முன்னாள் சேர்மன், முன்னாள் உறுப்பினர்கள் என்றால் உண்டு. அதற்குப் பிறகுதான் ரகளை. இந்த வார்டு உறுப்பினரின் மாமியார் பெயர் போன மாதம் வந்ததே, என் சித்தப்பா பெயர் ஏன் வரவில்லை? அவர் பெயர் முதலில், எங்கள் ஆள் பெயர் மூன்றாவதா? இறந்தவர்களுக்கும் சீனியாரிட்டி லிஸ்ட் போட்ட ஒரே கிளார்க் நானாகத்தான் இருப்பேன். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாக் கட்சிக்கும் ஒற்றுமை. வெளிநடப்பு செய்வதாக இருந்தாலும், மௌன அஞ்சலி முடிந்த பிறகுதான் செய்வார்கள். பண்பாடு!

"எங்களைப் பற்றி நீ என்ன சொல்ல முடியும்?" என்று மற்ற ஆபீஸ் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். ஜனவரி 30, காலை 11 மணி ஞாபகம் இருக்கிறதா? காந்திஜி நினைவாகவும் தியாகிகள் நினைவாகவும் நாடு முழுக்க அரசு அலுவலகங்களில் இரண்டு நிமிட மௌனம். அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் நினைத்தது காந்தியையா, கான்டீன் வடையையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

* * *

இந்த இரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாளாகக் குடைச்சல். தேடிப் படித்தபோது, அதற்கும் ஒரு நகராட்சிக்காரர்தான் காரணம் என்று தெரிந்தது.

தென் ஆப்பிரிக்காவில் கேப் டவுன் நகரம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918-ம் வருஷம். மேயர் பெயர் ஹாரி ஹேண்ட்ஸ். அவர் மகன் ரெஜினால்ட் ஹேண்ட்ஸ், தென் ஆப்பிரிக்காவுக்காக ஒரே ஒரு டெஸ்ட் மேட்ச் ஆடியவர். இங்கிலாந்துக்காக ரக்பியும் ஆடியிருக்கிறார். போருக்குப் போன அந்தப் பிள்ளை 1918 ஏப்ரலில் பிரான்சில் இறந்துபோனார். அடுத்த மாதம், மே 14-ம் தேதி, கவுன்சிலர் ஒருவர் சொன்ன யோசனைப்படி மேயர் ஓர் ஏற்பாடு செய்தார். அந்த ஊரில் தினமும் நண்பகலுக்குப் பீரங்கி வெடிப்பது வழக்கம். அந்தச் சத்தம் கேட்டதும் டிராம்கள் நின்றன. நடந்துகொண்டிருந்தவர்களும் நின்றார்கள். நகரமே மூன்று நிமிடம் அசையாமல் நின்றது.

ஆமாம், முதல் நாள் மூன்று நிமிடம். ரொம்ப நீளம் என்று சீக்கிரமே அதை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். (பார்த்தீர்களா, உலகமெங்கும் கவுன்சில் என்றால் ஒரே மாதிரிதான்!) பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற எழுத்தாளர் இந்த வழக்கத்தை லண்டனுக்கு எழுதி அனுப்பினார். அவரும் 1917 டிசம்பரில் போரில் மகனை இழந்தவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதை ஏற்றுக்கொண்டு, 1919 நவம்பர் 11-ம் தேதி பேரரசு முழுக்க இரண்டு நிமிட மௌனம் அனுஷ்டிக்கச் சொன்னார்.

ஆக, பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தகப்பன்கள் உலகத்துக்குக் கொடுத்த இரண்டு நிமிடம் இது. அதை நாங்கள் 40 விநாடி ஆக்கிவைத்திருக்கிறோம்.

40 விநாடியாவது கிடைக்கிறதே என்று சொல்லவேண்டிய காலமும் உண்டு. இரங்கல் தீர்மானம் போட மன்றம் என்று ஒன்று இருக்க வேண்டுமே! சென்னை மாநகராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1688-ல் பிறந்தது. இந்தியாவிலேயே மூத்த மாநகராட்சி. 1973 கடைசியில் அதன் மன்றத்தைக் கலைத்தார்கள். மறுபடி தேர்தல் நடந்தது 1996-ல். நடுவில் 1975-ல் காமராஜர் போனார். 1987-ல் எம்.ஜி.ஆர். போனார். ரிப்பன் மாளிகையில் அவர்களுக்காக எழுந்து நிற்க ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது.

எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு காலம் வந்தது.

2016 அக்டோபரில் மன்றத்தின் ஆயுள் முடிந்தது. நடக்கவேண்டிய தேர்தல் கோர்ட்டு வழக்கில் நின்றுபோனது. அடுத்து நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ம் தேதி. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆணையரே தனி அலுவலர். ஃபைலை அவரே வைப்பார், அவரே தீர்மானிப்பார், அவரே கையெழுத்துப் போடுவார். மன்றக் கூடத்தைப் பூட்டிவைத்தோம். நாற்காலிகளில் தூசி. என் கடிகாரத்துக்கும் ஓய்வு.

அந்த வருஷங்களில்தான் கொரோனா வந்தது.

* * *

எங்கள் ஊரில் தண்ணீர் திறந்துவிடுகிற அண்ணன் ஒருவர் இருந்தார். பெயரைச் சொல்லக் கூடாது என்று அவர் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

விடியற்காலை நாலு மணிக்கு சைக்கிளில் ஆள் உயர இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். ஒவ்வொரு தெருமுனையிலும் இரும்பு மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டுத் திருகுவார். எந்த வால்வை எத்தனை சுற்றுத் திருகினால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பூமிக்குக் கீழே ஓடுகிற குழாய்க்கெல்லாம் ஆபீஸில் ஒரு வரைபடம் இருந்தது. அதைப் பார்த்துத் தோண்டிய எஞ்சினீயர்கள் இரண்டு முறை சாக்கடையைத்தான் கண்டுபிடித்தார்கள். அப்புறம் அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். 60 வயதில் ரிட்டயர் ஆன பிறகும், புதிதாக வந்த பையன் தெருமுனையில் நின்றுகொண்டு அவருக்குத்தான் போன் போடுவான். "அண்ணே, இது இடது பக்கமா, வலது பக்கமா?"

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் அந்தத் தெருவுக்கு அரைமணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் விடுவார். யாரும் உத்தரவு போட்டதில்லை. பறைச் சத்தமோ, வாசலில் போட்ட பந்தலோ, அதுதான் அவருக்கு ஆர்டர். என் அப்பா தவறியபோது, முறை இல்லாத நாளில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. வெளியே வந்து பார்த்தேன். தெருமுனையில் சாவியோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே, இன்னிக்கு நம்ம டர்ன் இல்லையே?" என்றேன்.

"சாவு வீட்டுல தண்ணி இல்லாமப் போகக் கூடாது தம்பி. பத்துப் பேர் வருவாங்க, குளிக்கணும். நீ உள்ள போ, அம்மாவைப் பாரு" என்றார்.

எங்கள் மன்றம் அப்பாவுக்குத் தீர்மானம் போடவில்லை. அவர் ஒரு மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை. எதற்குப் போட வேண்டும்? ஆனால், நகராட்சி சார்பில் அவருக்குச் செய்யவேண்டிய மரியாதையை அன்றைக்கு ஒருவர் செய்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. 40 விநாடி அல்ல, அரைமணி நேரம்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் அண்ணன் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நேராகச் சுடுகாடு. பாதுகாப்பு உடை போட்ட நாலு பேர். தெருவில் பந்தல் இல்லை. குளிக்க வரும் கூட்டம் இல்லை. நானும் போகவில்லை. பயம்தான், வேறென்ன?

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி ஆபீஸுக்கு வந்தார். குடும்ப ஓய்வூதிய ஃபைலில் சிக்கல். பணிப்பதிவேட்டில் இருக்கிற பெயருக்கும் ரேஷன் கார்டில் இருக்கிற பெயருக்கும் ஒரு எழுத்து வித்தியாசம். அந்த ஒரு எழுத்துக்காக அந்த அக்கா செக்ஷன் செக்ஷனாக நடந்துவிட்டு, கடைசியில் என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, அவருக்கு ஆபீஸ்ல கூட்டம் போட்டுப் பேரைப் படிச்சீங்களா?"

"இல்லக்கா. இப்ப மன்றமே இல்லை. மன்றம் வந்ததும் கண்டிப்பாப் போட்டுடறேன்."

ஆபீஸில் வேலை பார்க்கிற நண்பர்களுக்கு இந்த வாக்கியம் நன்றாகவே தெரிந்திருக்கும். எதிரில் நிற்பவரை மேஜையைவிட்டு நகர்த்துவதற்காக நாம் வைத்திருக்கும் வாக்கியம் அது. 'பார்க்கலாம்', 'ஆர்டர் வரட்டும்', 'அடுத்த வாரம் வாங்க' வரிசையில் ஒன்று. சொன்ன அடுத்த நிமிடமே மறந்துவிட்டேன்.

அக்கா மறக்கவில்லை. 2022 மார்ச் 2-ம் தேதி புது உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். அடுத்த வாரமே வந்து நின்றார்.

"மன்றம் வந்துடுச்சாமே தம்பி?"

* * *

மேனேஜரிடம் போனேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால், முன்மாதிரி இல்லாமல் மூச்சுகூட விடமாட்டார்.

"டி பிரிவு ஊழியருக்கு மன்றத்துல இரங்கலா? பிரிசிடென்ட் இருக்காய்யா? ஒருத்தருக்குப் போட்டா எல்லாருக்கும் போடணும். நாளைக்கு உனக்கும் எனக்கும் போடச் சொல்லிக் கேப்பாங்க."

"கேட்க நாம இருக்கமாட்டோமே ஸார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, முன்மாதிரிதானே? ரெக்கார்டு ரூமுக்குள் நுழைந்தேன். மூன்று நாள் சாயங்காலம், ஆபீஸ் முடிந்த பிறகு, பழைய மினிட் புத்தகங்களைப் புரட்டினேன். தும்மல் வந்ததே தவிர முன்மாதிரி வரவில்லை. 1948 பிப்ரவரியில் காந்திஜிக்கு இரங்கல் தீர்மானம் இருந்தது. மை மங்கிப்போன, அழகான கையெழுத்து. அந்தப் பக்கத்தைத் தாண்ட மனசு வராமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள், ஐம்பதுகளின் தொடக்கத்து புத்தகம் ஒன்றில் அது கிடைத்தது. தெருவிளக்குப் பராமரிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இறந்த ஊழியர் ஒருவருக்கு 'இம்மன்றம் தன் வருத்தத்தைப் பதிவு செய்கிறது'. ஒரே வரி. அவர் பெயர் தெளிவாக இருந்தது. எழுபது வருஷமாக யாரும் படிக்காமல் அங்கே காத்திருந்த பெயர்.

ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மேனேஜர் மேஜையில் வைத்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். முன்மாதிரி கிடைத்துவிட்டால் மேனேஜருக்கு ஒரு தைரியம் வந்துவிடும். "அப்ப ஒருத்தருக்கு மட்டும் ஏன்? அஞ்சு வருஷத்துல போனவங்க எல்லாரையும் எடு. முன்னாள் உறுப்பினரும் வரட்டும், ஊழியரும் வரட்டும்" என்றார்.

எடுத்தேன். 19 பேர். அதில் துப்புரவுப் பணியாளர்கள் மட்டும் ஆறு பேர். அவர்களில் இரண்டு பேர் பெயர் எனக்கே தெரியாது. இருபது வருஷமாக தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் பார்த்த முகங்கள்.

பழுப்புத் தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். 'ஈடு செய்ய இயலாத இழப்பு' என்று வழக்கம்போலக் கை ஓடியது. அண்ணன் பெயரிடம் வந்ததும் நின்றுவிட்டது. அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'இந்நகரில் எந்தத் தெருவில் மரணம் நேர்ந்தாலும் அத்தெருவுக்குக் கூடுதலாகத் தண்ணீர் திறந்துவிட்டவர்.'

மேனேஜர் படித்துவிட்டு நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "யோவ், என்னய்யா இது! கூடுதல் தண்ணிக்கு யார் அனுமதி கொடுத்தா? எத்தனை லிட்டர்? எந்த ரிஜிஸ்டர்ல பதிவு? ஆடிட்காரன் பார்த்தா செத்தவர்கிட்டேயே ரெக்கவரி போடுவான்!"

அந்த வரி போய், 'சிறப்பாகப் பணியாற்றியவர்' ஆயிற்று.

சேர்மனிடம் தாளை நீட்டினேன். "இத்தனை பேரா? படிக்கவே அரைமணி ஆகுமே" என்றார்.

"பேர் மட்டும் படிச்சா ரெண்டே நிமிஷம்தான் ஸார்."

"சரி, குடுங்க."

* * *

கூட்ட நாள். பார்வையாளர் பகுதியின் கடைசி பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். வெளுத்துப்போன நீலச் சேலை. மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பென்ஷன் பேப்பர்கள். கூட்டம் முடிந்ததும் அந்த செக்ஷனுக்கும் போகவேண்டும் அல்லவா?

சேர்மன் வாசித்தார். ஒவ்வொரு பெயராக. அண்ணன் பெயர் பதினான்காவது. 'குடிநீர்ப் பிரிவில் சிறப்பாகப் பணியாற்றியவர்' என்று முடித்து அடுத்த பெயருக்குப் போகும்போது, பெண் உறுப்பினர் ஒருவர் கையைத் தூக்கினார். புதியவர். முதல் முறையாக ஜெயித்து வந்தவர். அதுவரை மன்றத்தில் வாயே திறக்காதவர்.

"தலைவரே, ஒரு நிமிஷம். இவரு வால்வு திறக்கிறவருதானே? எங்க மாமனார் செத்தப்போ எங்க தெருவுக்குத் தண்ணி விட்டவருங்க. யாரும் கேக்கலை. அவராவே வந்து விட்டாரு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

ஒரு கணம் அமைதி. பிறகு எதிர் வரிசையில் இருந்த ஒரு மூத்த உறுப்பினர், "எங்க அம்மாவுக்கும்..." என்றார். கட்சியில் அவருக்கும் இந்தம்மாவுக்கும் ஏழாம் பொருத்தம். அப்புறம் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். ஒவ்வொருவரும் தங்கள் தெருவைச் சொன்னார்கள், செத்தவரைச் சொன்னார்கள், தண்ணீர் வந்த நேரத்தைக்கூடச் சொன்னார்கள். சேர்மன் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜர் என் காதருகே குனிந்தார். "மினிட்ல ஏத்தாதய்யா. ஆடிட்!"

"உறுப்பினர் மன்றத்துல பேசினது ஸார். நடந்ததை ஏத்தாம இருக்க எனக்கு அதிகாரம் இல்லை."

இருபத்தைந்து வருஷ சர்வீசில் சட்டம் எனக்கு உதவிய ஒரே சந்தர்ப்பம் அது. ஒரு வரி விடாமல் எழுதினேன்.

மீதி ஐந்து பெயரும் வாசித்து முடிந்தன. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பழக்க தோஷம், கடிகாரத்தைப் பார்த்தேன். இன்றைக்காவது 120 தொடுமா?

"நன்றி, அமரலாம்."

43 விநாடி.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் பொருள் எண் ஒன்றை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்: தெருநாய்களைக் கட்டுப்படுத்துவது தொடர்பாக...'

நிமிர்ந்து பார்த்தேன். கடைசி பெஞ்சில் அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். தலை குனிந்தபடி, பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி. இரண்டு நிமிடம் என்று சொன்னார்களே, அவர் அதை நம்பிவிட்டார். ஆபீஸ் உதவியாளர் அவரை உட்காரச் சொல்லக் கிளம்பினார். வேண்டாம் என்று கை காட்டினேன். தெருநாயை வாசித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அவர் கையில் கடிகாரம் ஏது? மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனபோது சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கேப் டவுனில் முதல் நாள் மூன்று நிமிடம் நின்றார்கள் என்று எழுதினேன் அல்லவா? பறிகொடுத்தவர்களுக்கு அது நீளமாகத் தெரிந்திருக்காது.

அன்றைக்கும் வெளிநடப்பு நடந்தது. தெருநாய் விஷயத்தில். வழக்கத்தைவிட இருபது நிமிடம் தாமதம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு இரங்கல் தீர்மானத்தின் கடைசியிலும், 'இதன் நகலை அன்னாரது குடும்பத்தாருக்கு அனுப்பவும்' என்று ஒரு வரி இருக்கும். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், 1997-லிருந்து நான் அனுப்பிய நகல்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். பெரிய வீடுகளுக்கு மட்டும் போகும். மீதியெல்லாம் பீரோவில். இந்த முறை 19 நகலையும் எடுத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போனேன். சில வீடுகளில் ஃபிரேம் போடுவதாகச் சொன்னார்கள். ஒரு வீட்டில், "இதை வெச்சு ஏதாவது பணம் கிடைக்குமா ஸார்?" என்று கேட்டார்கள். கிடைக்காது என்று சொல்லிவிட்டுத் திரும்புவது கஷ்டமாக இருந்தது.

அக்கா தாளை வாங்கி, தன் பேத்தியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தண்ணீர் வந்த தெருக்களின் பெயர்கள் வரும்போது தலையாட்டினார். முடிந்ததும் மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, "காபி சாப்பிடுங்க தம்பி" என்றார். பிறகு, "அந்தப் பென்ஷன் ஃபைல் என்னாச்சு?" என்றார்.

அதுதான் சரியான கேள்வி. மறுநாள் காலை அந்த ஃபைலை நானே தேடி எடுத்தேன். ஒரு எழுத்து வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு சான்றிதழ் வாங்கிவைத்தால் போதும். இந்த விவரத்தை அத்தனை மாதமாக ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும்தான். மேஜை மேஜையாக ஃபைலோடு நான் நடந்தேன். ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. மௌன அஞ்சலியைவிட அதில்தான் மரியாதை அதிகம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகும் எத்தனையோ கூட்டங்கள். எத்தனையோ பெயர்கள். மன்றத்தின் இரண்டு நிமிடம் பழையபடி 40 விநாடிதான். சேர்மனைத் திருத்துகிற அதிகாரம் கிளார்க்குக்குக் கிடையாது. ஆனால், ஒன்று மட்டும் என் கையில் இருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நான் உட்காருவதில்லை. கடிகாரத்தில் 120 ஆகும்வரை நின்றுகொண்டே பொருள் எண் ஒன்றை வாசிப்பேன்.

ஒரு முறை புது ஆணையர் கவனித்துவிட்டு, "ஏன் இவர் மட்டும் நின்னுக்கிட்டே இருக்கார்?" என்று மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அவருக்கு முதுகுவலி ஸார்."